கேள்வி கேட்கச் சொன்ன புத்தர்

காலபோக அறுவடை முடியும் நேரம் கட்டுக்கரைக் குளக்கட்டில் ஒரு முதிய விவசாயியுடன் பேசிக்கொண்டிருந்தேன். பேச்சு நெல் விலையில் தொடங்கி, குளத்தருகே நடந்த அகழாய்வில் வந்து நின்றது. “தொல்லியல் எண்டு வருவினம், பிறகு புத்தர் வருவார். இங்கயும் வருவாரோ, பிள்ளை?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அவருடைய பயம் எனக்குப் புதிதல்ல. போருக்குள் வளர்ந்த எங்களில் பலருக்கு பௌத்தம் ஒரு தத்துவமாக அறிமுகமாகவில்லை. முகாம் வாசலின் அரசமரமாகவும் அதன் கீழிருந்த சிலையாகவுமே அறிமுகமானது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 9ஆவது உறுப்புரை சொல்கிறது. குருந்தூர்மலை போன்ற இடங்களில் அதன் பொருள் என்ன என்பதையும் பார்த்திருக்கிறோம்.

ஆனால், காலாம சூத்திரம் என்ற பெயரை நான் முதலில் கேட்டது ஊடகக் கற்கைநெறி வகுப்பில். தகவலைச் சரிபார்ப்பது பற்றிய பாடம் அது.

கேசபுத்தம் என்ற ஊரின் காலாமர்கள் புத்தரிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவருகிறார்கள். வருகிற ஆசிரியர்கள் எல்லோரும் தங்கள் கொள்கையைப் புகழ்ந்து, மற்றவர்களுடையதை இகழ்கிறார்கள்; யாரை நம்புவது? நீங்கள் சந்தேகப்படுவது நியாயம்தான் என்கிறார் புத்தர். கேள்விப்பட்டது என்பதாலோ, மரபு என்பதாலோ, நூலில் இருக்கிறது என்பதாலோ, சொன்னவர் நம் குரு என்பதாலோ மட்டும் எதையும் ஏற்காதீர்கள். பேராசை, வெறுப்பு, மயக்கம் ஆகியவற்றிலிருந்து பிறக்கும் செயல் தீங்கு தருவதையும், அறிவுடையோர் அதைப் பழிப்பதையும் நீங்களே கண்டுகொண்டால் கைவிடுங்கள் என்கிறார்.

‘மனதுக்குப் பிடித்ததை நம்பு’ என்று இதைச் சுருக்குவது தவறு. பிடித்தது, தர்க்கத்துக்குப் பொருந்துவது என்பவையும் போதுமான காரணங்கள் அல்ல. விளைவைப் பார்க்க வேண்டும். வீமம்சக சூத்திரம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. புத்தரையே சீடன் நெருங்கிக் கவனித்து ஆராய வேண்டும் என்கிறது. அப்படி ஆராய்ந்த பின் வருவதே காரணத்தில் வேரூன்றிய நம்பிக்கை. பாளியில் நம்பிக்கைக்குச் சொல் ‘சத்தா’. நம்முடைய ‘சிரத்தை’க்கு உறவான சொல்.

காலாம சூத்திரம் கேள்வியோடு முடிவதில்லை. வெறுப்பு நீங்கியவர் அன்பு, கருணை, பிறர் மகிழ்ச்சியில் மகிழ்தல், சமநிலை ஆகிய நான்கையும் எல்லாத் திசைகளிலும் பரப்புகிறார் என்று தொடர்கிறது. கேள்வி கேட்பது வாதத்தில் வெல்வதற்காக அல்ல, வெறுப்பைக் குறைப்பதற்காக. பயிற்சி சரியாக நடக்கிறதா என்பதற்கு அதுவே அளவுகோல்.

இதே பாதையைத் தமிழில் நடந்து காட்டியவள் மணிமேகலை. மணிபல்லவத்தில் அமுதசுரபியைப் பெற்றவள் முதலில் செய்தது பசித்தவர்களுக்குச் சோறிட்டது. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். பின்னர் வஞ்சியில் பல சமயத்தாரிடமும் அவரவர் கொள்கையைக் கேட்டாள். காஞ்சியில் அறவண அடிகளிடம் அளவையியலையும் கற்ற பிறகே நோன்பு ஏற்றாள். சோறு, கேள்வி, பிறகு நம்பிக்கை. சாத்தனார் வைத்த வரிசை இது.

கட்டுக்கரைக்கு வரும் நீருக்கும் இந்தக் கதையில் இடமுண்டு. அநுராதபுரத்தை ஒட்டி மல்வத்து ஓயாவாக ஓடும் ஆறு, மன்னாருக்குள் அருவியாறாகி இந்தக் குளத்தை நிரப்புகிறது. அந்த அநுராதபுர மகாவிகாரையில் படித்தவர்களில், சோழநாட்டு உறையூரிலிருந்து வந்த புத்ததத்தரும் ஒருவர். பௌத்தம் ஒரு மொழியின் தனிச்சொத்தாக இருந்ததில்லை.

கட்டுக்கரையில் பேராசிரியர் ப. புஷ்பரட்ணம் தலைமையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் நடத்திய அகழாய்வில் கிடைத்த சுடுமண் உருவங்கள், ஐயனார் வழிபாட்டோடு தொடர்புபடுத்தப்பட்டன. மண்ணுக்குள் இருப்பதைத் தோண்டிப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது என்பதற்கு இது ஒரு சாட்சி. பழைய செங்கல் கண்டவுடன் ‘இது சிங்கள பௌத்த பூமி’ என்பவர்கள் காலாம சூத்திரத்துக்கு முன்னால் தோற்றுப்போகிறார்கள். ‘தமிழருக்கும் பௌத்தத்துக்கும் சம்பந்தமே இல்லை’ என்று நாங்கள் சொல்லும்போதும் அதே சோதனையில் தோற்கிறோம்.

இதனால் காணி இழந்தவரின் பயம் தீராது. அதற்குச் சட்டமும் அரசியலும் வேண்டும். ஆனால், ஓர் இடத்தில் சிலை வைக்க வருபவரிடம் அவருடைய நூலிலிருந்தே ஒரு கேள்வியைக் கேட்கலாம்: இந்தச் செயல் வெறுப்பைக் கூட்டுகிறதா, குறைக்கிறதா?

இதை அந்தப் பெரியவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நல்ல கேள்விதான் பிள்ளை. ஆனா தமிழில கேட்டா அவையளுக்கு விளங்குமோ? சிங்களத்திலயும் எழுதும்” என்றார்.