ஃபாரின் டேப் ரிக்கார்டரும் ஸ்ரீபெரும்புதூர் ஐபோனும்

எண்பதுகளில் மயிலாப்பூர், தி.நகர் வீடுகளில் ஒரு பொருளுக்கு ‘ஃபாரின்’ என்று பேர் வந்துவிட்டால் அதற்குத் தனி மரியாதை. பூவேலை செய்த துணி உறைக்குள் இருக்கும் நேஷனல் பானசோனிக் டூ-இன்-ஒன் டேப் ரிக்கார்டரைக் குழந்தைகள் தொடக்கூடாது. பெரும்பாலும் சிங்கப்பூர் சித்தப்பா வாங்கி வந்ததாக இருக்கும். அப்படி ஒரு சித்தப்பா வாய்க்காதவர்கள் பாரிமுனைக்கு பஸ் ஏறினார்கள். பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களின் பிழைப்புக்காக 1969-ல் உருவான பர்மா பஜார், அதற்குள் ஃபாரின் சாமான்களின் கடைத்தெருவாக மாறியிருந்தது.

சிங்கப்பூரில் ஒரு விலை, இங்கே பல மடங்கு விலை. காரணத்தைத் தேடி அலைய வேண்டியதே இல்லை: சுங்க வரி. நுகர்பொருட்களை இஷ்டப்படி இறக்குமதி செய்யவும் முடியாது; லைசென்ஸ் வேண்டும். 1991 ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் உச்ச வரியை 150 சதவீதமாகக் குறைத்தார். குறைத்த பிறகுதான் 150! அந்த விகிதத்தில் 4,000 ரூபாய்ப் பொருள் துறைமுகத்தைத் தாண்டும்போதே 10,000 ஆகிவிடும். கடைக்காரர் லாபம் அதற்கு மேல்.

இந்த இடைவெளியில் பிழைத்தவர்கள்தான் ‘குருவிகள்’. விமான டிக்கெட்டும் கூலியும் வியாபாரி கொடுப்பார்; குருவி சிங்கப்பூர் போய், பெட்டி நிறையச் சாமானோடு மீனம்பாக்கத்தில் இறங்குவார். பர்மா பஜாரில் சொன்ன விலைக்குள் அந்த டிக்கெட், கூலி, விமான நிலையத்துக் ‘கவனிப்பு’, பிடிபட்டால் வரும் நஷ்டம் எல்லாம் அடக்கம். பில் கிடையாது, கேரண்டி கிடையாது. பேரம் மட்டும் உண்டு.

அதே வரிச்சுவரின் நிழலில்தான் உள்ளூர்த் தொழிலும் வளர்ந்தது என்பதையும் சொல்ல வேண்டும். சென்னையின் டயனோரா, சாலிடேர் டிவிகள் வீட்டுக்கு வீடு நுழைந்த காலம் அது. 1965-ல் மயிலாப்பூரில் தொடங்கிய விவேக்ஸ் கடையின் புத்தாண்டுத் தள்ளுபடிக்கு ஊரே வரிசையில் நின்றது. சுவர் இல்லாமல் சோனியோடு நேருக்கு நேர் மோதியிருந்தால் சாலிடேர் எத்தனை நாள் தாங்கியிருக்கும் என்பது வேறு விஷயம். பின்னாளில் தாங்கவில்லை.

சுவர் படிப்படியாக இறங்கியது. மிச்சமிருந்த அளவுக் கட்டுப்பாடுகள் 2001 ஏப்ரலில் நீங்கின. 2007-ல் விவசாயம் சாராத பொருட்களுக்கு உச்ச வரி 10 சதவீதம்தான். உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்ததால் கம்ப்யூட்டருக்கு வரியே இல்லாமல் போயிற்று. சென்னையின் கம்ப்யூட்டர் கடைத்தெருவான ரிச்சி தெரு செழித்ததில் அதற்கும் பங்குண்டு. குருவிகளுக்கு எலக்ட்ரானிக்ஸில் வேலை குறைந்தது.

முழுதாக ஓய்ந்துவிடவில்லை. துபாயிலிருந்தும் பாங்காக்கிலிருந்தும் பெரிய தட்டை டிவிகளை லக்கேஜாகவே கொண்டுவரும் பழக்கம் கொஞ்ச காலம் இருந்தது. ரூபாய் சரிந்துகொண்டிருந்த 2013 ஆகஸ்டில் அரசு அந்தச் சலுகையை நிறுத்தி, 36.05 சதவீத வரி போட்டது. டிவி பெட்டிகளும் குறைந்தன.

இன்றைய கணக்குதான் எனக்குச் சுவையாக இருக்கிறது. அடையாறிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூர். அங்கே ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன் தயாராகி அமெரிக்காவுக்கும் போகிறது. ‘நம்ம ஊரில் செய்வது நமக்கு ஏன் மலிவாக இல்லை?’ என்று கேட்காதவர் இல்லை. 2025 செப்டம்பரில் வந்த ஐபோன் 17-ஐ எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவில் 799 டாலர். அன்றைய மதிப்பில் டாலருக்கு 88 ரூபாய் என்றால் சுமார் 70,300 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தால் ஏறக்குறைய 82,970. இந்திய விலை 82,900! அதாவது வித்தியாசம் மொத்தமும் ஜிஎஸ்டிதான். அமெரிக்காவில் அச்சிடும் விலையில் விற்பனை வரி சேராது, மாநிலத்துக்கு மாநிலம் மாறி, பில்லில் ஏறும். நம் எம்ஆர்பியில் எல்லாம் அடக்கம். ஒப்பிடும்போது பலரும் இதை மறந்துவிடுகிறோம்.

ஆனால் அதே வரிசையில் புரோ மாடலுக்குக் கணக்கு போட்டால் விஷயம் மாறுகிறது. 1,099 டாலர், ஜிஎஸ்டியோடு 1,14,000 ரூபாய்க்குச் சற்று மேல் வரவேண்டும். இங்கே விலை 1,34,900. இந்த 20,000 சொச்சத்தை எந்த வரிமேலும் போட முடியவில்லை. புரோ வாங்குகிறவர் விலையைப் பார்த்துப் பின்வாங்கமாட்டார், மாதத் தவணையில் பிரித்துக் கட்டிவிடுவார் என்று கம்பெனி நம்புகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. வருஷம் முழுக்க ஒரே விலையில் விற்க வேண்டியிருப்பதால் ரூபாய் சரிந்தாலும் தாங்கட்டும் என்ற முன்ஜாக்கிரதையும் இருக்கலாம். எங்கே செய்தார்கள் என்பதைவிட, யாரிடம் எவ்வளவு வாங்க முடியும் என்பதே விலையை முடிவு செய்கிறது. அன்று திட்டுவதற்கு கஸ்டம்ஸ் என்ற ஒரே ஆள் இருந்தார். இன்று யாரைத் திட்டுவது என்றே தெரியவில்லை.

அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தாலும் சிக்கல் உண்டு. 2022-ல் வந்த 14-ஆம் வரிசையிலிருந்து அங்கே விற்கும் ஐபோனில் சிம் செருகும் தட்டே கிடையாது, இ-சிம் மட்டும்தான். இருந்தும் டிசம்பர் சங்கீத சீசனுக்கு ஊர் வரும் பிள்ளைகளுக்கு அடையாறு, மயிலாப்பூர் வீடுகளிலிருந்து இன்னமும் போன் போகிறது: “புரோ மட்டும் அங்கேருந்து வாங்கிண்டு வா. மத்ததெல்லாம் இங்கேயே பாத்துக்கலாம்.”