நாற்பதுக்குக் கீழே ஒரு மந்தை

மேய்ச்சல் ஆடுகளுக்குரிய ஸகாத், நாற்பது என்னும் எண்ணிக்கையிலிருந்து கடமையாகிறது. 40 முதல் 120 வரை ஓர் ஆடு; 121 முதல் 200 வரை இரண்டு ஆடுகள். முப்பத்தொன்பது ஆடுகளை உடையவர் மீது இக்கடமை இல்லை. சிறு மந்தை செல்வமன்று, வாழ்வாதாரமே என்னும் நோக்கு இவ்வரம்பில் பொதிந்துள்ளது எனலாம்.

மதுராந்தகம் வட்டத்துக் கருங்குழியும் அதன் சுற்றூர்களும் ஏரிப்பாசனத்தில் நெல் விளையும் பகுதியாகும். செங்கல்பட்டு வட்டாரத்திற்கே உரிய செம்மறி இனம் ‘சென்னைச் சிவப்பு’. இது கம்பளி தராதது, இறைச்சிக்கென வளர்க்கப்படுவது. காட்டுப்பாக்கத்திலுள்ள கால்நடைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையம் இவ்வினத்தின் மேம்பாட்டிற்கு உழைத்து வருகிறது. அறுவடை முடிந்த வயலில் மேய்ந்து, இரவில் கிடையிருந்து நிலத்திற்கு எருவூட்டும் ஆடு, நிலமற்றவருக்கும் பிறர் நிலத்திலிருந்து பயன் பெற்றுத் தருகிறது. மருத்துவச் செலவோ திருமணமோ நேர்ந்தால் ஓர் ஆட்டை விற்றுச் சமாளிக்கலாம். ஹஜ்ஜுப் பெருநாளையொட்டிக் கிடாவுக்கு நல்ல விலையும் கிடைக்கும்.

இதனை உணர்ந்தே தமிழக அரசு 2011இல், ஏழு லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு ஐந்தாண்டுகளில் தலா நான்கு ஆடுகள் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் ஆட்டைக் கொடுத்தால் மட்டும் வறுமை நீங்கிவிடுமா?

ஆட்டின் சினைக்காலம் ஐந்து மாதம். ஈன்ற குட்டி விற்பனைக்கு வளர மேலும் பல மாதங்கள் ஆகும். இவ்விடைக்காலத்தில் ஆட்டுக்கொல்லி நோயோ துள்ளுமாரியோ தாக்கலாம். அடுப்பெரியாத வீடு தாய் ஆட்டையே விற்க நேரலாம். பங்களாதேஷின் ‘பிராக்’ நிறுவனம் 2002இல் தொடங்கிய திட்டம் இதற்கு விடை காண முயன்றது. கால்நடையுடன் பயிற்சி, சிறு உதவித்தொகை, தொடர்ந்த மேற்பார்வை ஆகியவற்றை அது சுமார் ஈராண்டுகள் வழங்கியது. இந்தியா, பாகிஸ்தான் உள்ளிட்ட ஆறு நாடுகளில் இம்முறை சோதிக்கப்பட்டு, 2015இல் முடிவுகள் வெளியாயின. உதவி நின்று ஓராண்டு கழிந்தும் அதன் பயன் நிலைத்திருந்தது. கானாவிலோ, ஆடு மட்டும் பெற்ற குடும்பங்களிடம் நீடித்த முன்னேற்றம் காணப்படவில்லை.

ஸகாத் நிதியைத் திரட்டும் நம் ஜமாஅத்துகள் இதில் படிப்பினை பெறலாம். ரமளானில் நூறு பேருக்குச் சிறு தொகையைப் பகிர்வது அன்றைய பசியைப் போக்கும். சில குடும்பங்களுக்கேனும் ஆடுகளுடன் தடுப்பூசி, தீவனம், முதலாண்டுச் செலவு ஆகியவற்றையும் உறுதி செய்தால், இன்று ஸகாத் பெறுபவர் நாளை ஸகாத் கொடுப்பவராக உயரக்கூடும். நாற்பதாவது ஆட்டை நோக்கிய அப்பயணத்தில் முதலாண்டுத் துணையே இன்றியமையாதது.