தேன் பெட்டியைத் திறப்பவரிடம் கேளுங்கள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டம், குலசேகரம், அருமனைப் பக்கம் போனால் ரப்பர் மரங்களுக்கு நடுவே சிறிய மரப்பெட்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். ஒவ்வொன்றும் ஒற்றைக் காலில் நிற்கும். ஒவ்வொன்றிலும் ஒரு தேனீக் குடும்பம் வாழ்கிறது. சாலையோர வீடுகள் சிலவற்றில் முன்னறையே கடையாகியிருக்கும். தோட்டத்தில் எடுத்த தேனை வீட்டுக்காரர்களே வடிகட்டி, பாட்டிலில் அடைத்து, வருபவர்களுக்கு விற்கிறார்கள்.

இப்படி நேரடியாகத் தேன் வாங்குபவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கலப்படம் இருக்காது. அந்த நம்பிக்கை பல இடங்களில் சரியாகவே இருக்கும். ஆனால் சிறிய கடை என்பதாலேயே தேன் சுத்தமாகிவிடாது. சிறிய கடையின் உண்மையான பலம் வேறு. பெட்டியைத் திறந்து தேனை எடுத்தவரே நம் எதிரில் நிற்கிறார். எந்த மாதம் எடுத்தது, தேனீக்கள் எதிலிருந்து சேர்த்தது, அடை மூடியிருந்ததா, சூடாக்கினார்களா என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். இவற்றைக் கேட்கத் தெரிந்தவருக்குத்தான் நேரடிக் கொள்முதலின் முழுப் பயனும் கிடைக்கும். கேட்பதற்கு, பெட்டிக்குள் நடப்பது கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்டியில் குடியிருப்பவர்கள்

தமிழ்நாட்டில் தேன் தரும் தேனீக்கள் பல வகை. உயர்ந்த மரங்களிலும் பாறை முகடுகளிலும் ஒரே பெரிய அடையைத் தொங்கவிடுவது மலைத்தேனீ. புதர்க் கிளையில் உள்ளங்கை அகலத்தில் அடை கட்டுவது கொம்புத் தேனீ. இரண்டும் திறந்த வெளியில் வாழ்பவை என்பதால் பெட்டியில் தங்குவதில்லை. மரப்பொந்து, பாறை இடுக்கு போன்ற இருட்டான இடங்களில் பல அடைகளை அடுத்தடுத்துக் கட்டும் அடுக்குத் தேனீதான் நம் ஊர்ப் பெட்டிகளுக்கு ஏற்றது. இதை இந்தியத் தேனீ என்றும் சொல்வார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த இத்தாலியத் தேனீயும் பெட்டியில் வளரும். கொடுக்கில்லாத கொசுத் தேனீ மிகக் கொஞ்சமாகவே தேன் சேர்க்கும். அதனால் அதன் விலை பல மடங்கு அதிகம்.

ஒரு இத்தாலியத் தேனீப் பெட்டியில் ஆண்டுக்கு 25 முதல் 40 கிலோ வரை தேன் கிடைக்கலாம். அடுக்குத் தேனீப் பெட்டியில் சராசரியாகக் கிடைப்பது 6 முதல் 8 கிலோதான். இருந்தும் குமரி மாவட்டத்துச் சிறு வளர்ப்பாளர்கள் அடுக்குத் தேனீயை விடவில்லை. அது இந்த மண்ணிலேயே பிறந்தது, இங்குள்ள மழைக்கும் வெயிலுக்கும் பழகியது. ஆனால் அதற்கு ஒரு குணம் உண்டு. பட்டினி போட்டாலோ அடிக்கடி தொந்தரவு செய்தாலோ மொத்தக் குடும்பமும் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் பறந்துவிடும். ஆகவே பேராசைப்பட்டு எல்லாத் தேனையும் வழித்தெடுப்பவருக்கு அடுத்த பருவத்தில் பெட்டி மட்டுமே மிஞ்சும். நல்ல வளர்ப்பாளர் கீழறையில் இருக்கும் தேனைத் தொடமாட்டார். அது தேனீக்களின் உணவு.

கழற்றி மாட்டும் அடை

பழைய முறையில் தேன் எடுப்பது என்றால் புகை போட்டு, அடையை அறுத்து, பிழிவதுதான். புழுக்களும் மகரந்தமும் தேனோடு கலந்துவிடும், கூடும் அழிந்துவிடும். இதை மாற்றியது 1851-இல் அமெரிக்கப் பாதிரியார் லாங்ஸ்ட்ராத் செய்த ஒரு கவனிப்பு. அடைகளுக்கு நடுவில் தேனீக்கள் நடமாட ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர் இடைவெளி விட்டால், அந்த இடத்தை அவை அப்படியே வழியாக விட்டுவைக்கின்றன. அதைவிட அகலமானால் அங்கே புதிதாக அடை கட்டுகின்றன, குறுகலானால் பிசின் வைத்து அடைக்கின்றன. இந்த அளவைப் பின்பற்றி மரச்சட்டங்களைத் தொங்கவிட்டபோது, தேனீக்கள் ஒவ்வொரு சட்டத்திலும் தனித்தனியாக அடை கட்டின. எந்தச் சட்டத்தையும் உருவிப் பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டலாம் என்றானது.

அந்தப் பெட்டி மேற்கத்தியத் தேனீயின் உடல் அளவுக்குச் செய்தது. நம் அடுக்குத் தேனீ அதைவிடச் சிறியது, குடும்பமும் சிறியது. 1910-களில் திருச்சியில் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார் இதற்கென்றே சிறிய பெட்டியை வடிவமைத்து, கிராமத்தவர்களுக்குப் பயிற்சியும் கொடுத்தார். தென்னிந்தியாவில் இன்றும் அது நியூட்டன் பெட்டி என்றே வழங்குகிறது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு மையம் தொடங்கி, ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் சிறு விவசாயிகளுக்குத் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுத்தது. அப்போது அந்தப் பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-இல் தமிழ்நாட்டோடு இணைந்தது. அன்று வேரூன்றிய தொழில்தான் இன்று மார்த்தாண்டம் தேன் என்ற பெயருக்கு அடிப்படை.

பெட்டியில் இரண்டு அறைகள். கீழே புழு அறை: ராணித் தேனீ முட்டையிடுவதும், புழுக்கள் வளர்வதும், குடும்பத்துக்கான உணவுச் சேமிப்பும் இங்கே. மேலே தேன் அறை: பூக்காலத்தில் மிகுதியாக வரும் தேனைத் தேனீக்கள் இதில் நிரப்புகின்றன. வளர்ப்பாளர் மேலறைச் சட்டங்களை மட்டும் எடுத்து, தேனை மூடியிருக்கும் மெழுகைக் கத்தியால் சீவி, தேன் எடுக்கும் கருவியில் வைத்துச் சுழற்றுவார். அடையின் சிற்றறைகளிலிருந்து தேன் தெறித்துக் கலத்தில் விழும். அடை உடையாமல் இருப்பதால் அப்படியே திரும்ப மாட்டிவிடலாம். ஒரு கிலோ மெழுகு சுரக்கத் தேனீக்கள் ஆறு முதல் எட்டு கிலோ தேனைச் சாப்பிட வேண்டியிருக்கும் என்பது வழக்கமான கணக்கு. அடையைக் காப்பாற்றுவது தேனையே காப்பாற்றுவதாகும்.

ரப்பர் இலை தரும் தேன்

குமரி மாவட்டத் தேனில் பெரும்பகுதி பூவிலிருந்து வருவதல்ல. ரப்பர் மரம் குளிர்காலத்தில் இலையுதிர்த்து, ஜனவரி வாக்கில் துளிர்விடும். ஒவ்வொரு காம்பின் நுனியிலும் மூன்று சிற்றிலைகள் சேரும் இடத்தில் சிறிய சுரப்பிகள் உண்டு. இளம் இலை முற்றும் காலத்தில் அவற்றில் இனிப்பு நீர் சுரக்கிறது. ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஒரே நேரத்தில் இது நடக்கும்போது, தேனீக்களுக்குப் பெரும் விருந்து. பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை தேன் அறுவடை மும்முரமாக நடக்கும். குமரியின் வளர்ப்பாளர்கள் பலர் அந்நாட்களில் பெட்டிகளை லாரியில் ஏற்றிக் கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கும் கொண்டுபோகிறார்கள்.

இலையில் இனிப்பு கிடைத்தாலும் மகரந்தம் கிடைக்காது. புழுக்களை வளர்க்கத் தேவையான மகரந்தத்துக்குத் தேனீக்கள் தென்னம்பாளையையும் வேறு பூக்களையும் தேடிப் போகின்றன. ரப்பரும் தென்னையும் அருகருகே இருக்கும் குமரி நிலம் தேனீக்கு இவ்வளவு ஒத்துப்போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ரப்பர் தேன் வெளிர்நிறமாக இருக்கும், சீக்கிரம் உறைந்து மணல்போல் ஆகும். முருங்கை, நாவல், வேம்பு என்று பூவுக்குப் பூ நிறமும் மணமும் சுவையும் மாறும். ஒரே வீட்டில் பிப்ரவரியில் வாங்கிய தேனும் மே மாதத்தில் வாங்கிய தேனும் வேறுவேறாக இருந்தால் சந்தேகப்பட வேண்டாம். ஆண்டு முழுவதும் ஒரே நிறம், ஒரே சுவை, ஒரே பதம் கிடைக்கிறது என்றால், அது பல இடத்துத் தேனைக் கலந்து பதப்படுத்தியதாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

ஈரப்பதமும் சூடும்

தேனீ உறிஞ்சி வரும் இனிப்பு நீரில் பாதிக்கும் மேல் வெறும் தண்ணீராக இருக்கக்கூடும். கூட்டுக்கு வந்ததும் அது வாய்க்கு வாய் கைமாறுகிறது. அப்போது தேனீயின் நொதிகள் அதிலுள்ள சர்க்கரையைப் பிரித்து குளுக்கோஸ், பிரக்டோஸ் ஆக்குகின்றன. பிறகு அடையின் சிற்றறைகளில் மெல்லியதாகப் பரப்பி, சிறகால் விசிறிக் காற்றோட்டம் உண்டாக்கி நீரை வற்றவைக்கின்றன. தேன் பக்குவமானதும் சிற்றறையை மெழுகால் மூடிவிடுகின்றன. அந்த மூடிதான் தேன் முற்றியதற்கு அடையாளம். மூடாத தேனை அவசரப்பட்டு எடுத்தால் ஈரம் மிகுந்து, அதிலுள்ள ஈஸ்ட் வேலை செய்யத் தொடங்கும். நுரை கட்டும், புளிப்பு வாடை வரும். அதில் கலப்படம் ஏதும் இல்லாவிட்டாலும் நல்ல தேன் என்று சொல்ல முடியாது.

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி தேனில் 20 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. குமரியின் ஈரக் காற்றில் அடுக்குத் தேனீயின் தேன் இந்த எல்லையைத் தாண்டுவது உண்டு. அதனால் பல வளர்ப்பாளர்கள் தேன் பாத்திரத்தை வெந்நீர் நிறைந்த பெரிய பாத்திரத்துக்குள் வைத்து மெதுவாகச் சூடாக்குகிறார்கள். அளவோடு செய்தால் ஈஸ்ட் அடங்கும், தேன் கெடாது. அளவு மீறினால் தேனின் நொதிகள் சிதையும், மணம் போகும், எச்.எம்.எஃப். என்ற வேதிப்பொருள் பெருகும். அதற்கும் கிலோவுக்கு 80 மில்லிகிராம் என்று விதியில் உச்சவரம்பு இருக்கிறது. ஆக, சூடாக்கியது என்றாலே மோசம், சூடாக்காதது என்றாலே உயர்வு என்று முடிவுகட்டிவிட முடியாது. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்பதுதான் முக்கியம்.

வீட்டுச் சோதனைகளை நம்ப முடியுமா?

தண்ணீரில் விட்டால் கரையாமல் அடியில் தங்க வேண்டும், தீக்குச்சியில் தொட்டுப் பற்றவைத்தால் எரிய வேண்டும், எறும்பு மொய்க்கக் கூடாது, உறையக் கூடாது என்று பல சோதனைகள் வழக்கில் இருக்கின்றன. இவை எதுவும் கலப்படத்தைக் காட்டாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் தண்ணீரில் அடியில் போய்த் தங்கும். எரிவது ஈரத்தைப் பொறுத்தது. நல்ல தேனையும் எறும்பு தின்னும். உறைவதோ தேனின் இயல்பு. குளுக்கோஸ் அதிகமுள்ள தேன் சீக்கிரம் உறையும். பாட்டிலை வெதுவெதுப்பான நீரில் வைத்தால் மீண்டும் இளகும்.

ஆய்வகத்துக்கே சவால் விடும் பாகுகள் சந்தையில் இருக்கும்போது தீக்குச்சி என்ன செய்யும்? 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 நிறுவனங்களின் தேனைச் சோதித்து, 22 மாதிரிகளில் ஐந்து மட்டுமே எல்லாச் சோதனைகளிலும் தேறின என்று அறிவித்தது. வழக்கமான சோதனைகளில் பிடிபடாதபடி தயாரித்த பாகுகள் கலக்கப்படுவதாகவும் அது சொன்னது. நிறுவனங்கள் இதை மறுத்தன. ஆனால் வாங்குபவர் பாட்டிலைப் பார்த்தே உண்மையைக் கண்டுபிடிக்க முடியாது என்பது அந்த விவாதத்தில் தெளிவானது.

என்ன கேட்க வேண்டும்?

முதலில், எப்போது எடுத்தது என்று கேளுங்கள். அறுவடை மாதத்தையும், அப்போது சுற்றிலும் என்ன பூத்திருந்தது என்பதையும் பெட்டி வைத்திருப்பவர் தயங்காமல் சொல்வார். அடுத்து, எத்தனை பெட்டி இருக்கிறது என்று கேளுங்கள். அடுக்குத் தேனீப் பெட்டி இருபது வைத்திருப்பவரிடம் ஆண்டில் நூற்றைம்பது கிலோ அளவில் இருக்கலாம், டன் கணக்கில் இருக்க முடியாது. மற்ற வளர்ப்பாளர்களிடமோ கூட்டுறவுச் சங்கத்திலோ வாங்கி விற்பதில் தவறில்லை. அதை மறைக்காமல் சொல்ல வேண்டும், அவ்வளவே. பெட்டியைப் பார்க்கலாமா என்றும் கேட்கலாம்.

மூன்றாவது கேள்வி கொஞ்சம் கூச்சம் தரும், ஆனாலும் கேளுங்கள்: சர்க்கரைப் பாகு கொடுப்பீர்களா? ஜூன் தொடங்கிப் பெருமழை மாதங்களில் தேனீக்களால் இரை தேட முடிவதில்லை. அப்போது பாகு ஊட்டினால்தான் குடும்பம் பிழைக்கும், அது வளர்ப்பாளரின் கடமை. அறுவடைக் காலம் நெருங்கும்போது அதை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் பாகு தேன் அறைக்குப் போய்விடும். “கொடுக்கவே மாட்டோம்” என்பவரைவிட, “மழைக்காலத்தில் கொடுப்போம், துளிர் வருவதற்கு முன் நிறுத்திவிடுவோம்” என்று விளக்குபவரை நம்பலாம். சூடாக்கும் முறையையும் கேளுங்கள். பாட்டிலில் உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்கப் பதிவு எண் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

வாங்கிய தேனைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கத் தேவையில்லை. தேன் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும், கரண்டி ஈரமில்லாமல் இருக்க வேண்டும். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு எவ்வளவு சுத்தமான தேனையும் கொடுக்கக் கூடாது. தேனில் இருக்கக்கூடிய போட்டுலிசம் கிருமியின் வித்துகளை அந்த வயதுக் குடல் தாங்காது. பிறந்த குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கும் வழக்கத்தைக் கைவிடத்தான் வேண்டும்.

பணம் போய்ச் சேரும் இடம்

1990-களின் தொடக்கத்தில் தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய் தென்னிந்தியாவின் அடுக்குத் தேனீக்களைத் தாக்கியது. புழுக்கள் நீர்ப்பை போலாகிச் செத்தன. பத்தில் ஒன்பது குடும்பங்கள் அழிந்தன, குமரியிலும் பெட்டிகள் காலியாகின. நோயைத் தாங்கி நின்ற சில குடும்பங்களைப் பொறுமையாகப் பிரித்துப் பெருக்கித்தான் தொழில் மீண்டது. ஆண்டில் மூன்று மாத வருமானத்துக்காக மீதி ஒன்பது மாதமும் எறும்பு, மெழுகுப்பூச்சி, பட்டினி, பூச்சிமருந்து ஆகியவற்றிலிருந்து பெட்டிகளைக் காக்கும் உழைப்பு அது. அந்தப் பெட்டிகளின் தேனீக்கள் சுற்றுவட்டாரத்துத் தென்னைக்கும் காய்கறிக்கும் மகரந்தம் சேர்க்கும் பயனைக் கூலியில்லாமல் எல்லோரும் பெறுகிறோம்.

மொத்த வியாபாரி கொடுக்கும் விலைக்கும் கடையில் நாம் கொடுக்கும் விலைக்கும் இடையில் இருக்கும் பணத்தைக்கொண்டே ஒரு குடும்பம் இந்தத் தொழிலில் நீடிப்பதா விடுவதா என்று முடிவு செய்கிறது. ஆகவே அறுவடைக் காலத்தில் போங்கள். வீட்டுக்கு ஓராண்டுக்கு வேண்டியதை ஒரேமுறை வாங்குங்கள். நியாயமான விலையைப் பேரம் பேசாமல் கொடுங்கள், கேள்விகளை மட்டும் விடாமல் கேளுங்கள். பதில் தெரிந்து வாங்குபவர்கள் பெருகினால், தேன் முற்றும்வரை காத்திருந்து எடுக்கும் வளர்ப்பாளருக்கு அந்தப் பொறுமைக்கான கூலி கிடைக்கும்.