பிரேக் தானாகப் பிடிக்குதா? அரை மில்லிமீட்டரைப் பாருங்க

அறுபதுகளின் மஸ்டாங் மாதிரி கார்களைப் புதுப்பிக்கிறவர்கள் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் டிஸ்க்கும் வேக்குவம் பூஸ்டரும் போடுவது சகஜம். கிளம்பும்போது பிரேக் அருமையா இருக்கும். சில கிலோமீட்டர் போனதும் வண்டி இழுக்காது, சக்கரத்துப் பக்கம் கருகல் வாடை வரும். எல்லாரும் காலிப்பரைத்தான் முதலில் சந்தேகப்படுவாங்க. நான் முதலில் பார்க்கச் சொல்வது பூஸ்டருக்கும் மாஸ்டர் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் புஷ்ராடை.

காரணம் இதுதான். பெடலை விட்டதும் சிலிண்டருக்குள் பிஸ்டன் முழுசாகப் பின்னால் வரணும். அப்போதுதான் அதன் ரப்பர் சீலுக்கு முன்னால் ஊசித்துளை அளவு ஓட்டை ஒன்று திறக்கும். சூட்டில் விரியும் பிரேக் ஆயில் அந்த வழியாகத்தான் மேலே டேங்குக்குத் திரும்பும். புஷ்ராட் கொஞ்சம் நீளமா இருந்தால் சீல் அந்த ஓட்டையை மூடியே வைத்திருக்கும். ஆயில் விரியும், பேட் அழுத்தும், சூடு ஏறும், மறுபடி விரியும். கடைசியில் சக்கரமே பூட்டிக்கொள்ளும். ஆறினதும் தானாகவே விட்டுவிடும். மெக்கானிக் பார்க்கும்போது ஒரு கோளாறும் இருக்காது!

குட்டையா இருந்தால் இவ்வளவு ஆபத்தில்லை, ஆனால் பெடல் வீணா இறங்கும். பெடல் விகிதம் 4:1 என்றால் 2 மி.மீ. இடைவெளி காலடியில் 8 மி.மீ. ஆகிவிடும்.

பொதுவாகச் சொல்லப்படும் இடைவெளி 0.020 அங்குலம், சுமார் அரை மி.மீ. உங்கள் வண்டியின் மேனுவல் வேறு அளவு சொன்னால் அதையே எடுத்துக்கோங்க. அளக்க, குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். புஷ்ராட் நுனியில் கொஞ்சம் அப்பி, சிலிண்டரை முழுசா முடுக்கி, கழற்றி, நசுங்கிய தடிமனை வெர்னியரில் பாருங்க. களிமண் துளிகூட மிஞ்சலைன்னா ராட் நீளம். நுனியில் திருகு இருந்தால் அதிலேயே சரிசெய்யலாம். பிஸ்டனின் பின்குழியையும் கவனிக்கணும்: பூஸ்டர் இல்லாத வண்டியின் சிலிண்டரில் அது பெரும்பாலும் ஆழமா இருக்கும். பூஸ்டரில் அதை மாட்டினால் கணக்கே மாறிவிடும்.

வழியில் பிரேக் பிடித்துக்கொண்டால், சமதரையில் சக்கரத்துக்குக் கட்டை வைத்துவிட்டு, சிலிண்டரைப் பூஸ்டரோடு இணைக்கும் இரண்டு நட்டுகளையும் சில சுற்று தளர்த்துங்க. சக்கரம் விட்டால் ராட் நீளம், இல்லைன்னா பெடல் முழுசாகத் திரும்பலை. பிரேக் லைட் சுவிட்ச் பெடலைத் தாங்கிப் பிடித்தாலும் இதே கதைதான். நட்டைத் தளர்த்தியும் விடலைன்னா, இனி ஹோஸையும் காலிப்பரையும் சந்தேகப்படலாம்.