நாலடிப் பெட்டி வேண்டாம், காமரா உள் போதும்

அப்பள மாவை உலக்கை போட்டு இடிக்கிற வீடு பக்கத்தில் இருந்தால், சுவரில் எத்தனை மெத்தை மாட்டினாலும் அந்தச் சத்தம் உங்கள் ரெக்கார்டிங்கில் விழும். அது காற்று வழியாக மட்டும் வருவதில்லை. உரல் தரையை அதிர வைக்கிறது. அதிர்வு அஸ்திவாரத்தில் இறங்கி, இரண்டு வீட்டுக்கும் பொதுவான சுவரில் ஏறி, மைக் ஸ்டாண்டு நிற்கும் தரைக்கு வந்து சேர்கிறது. செங்கல்லுக்குள் ஒலி காற்றில் போவதைவிடச் சுமார் பத்து மடங்கு வேகமாக ஓடும். அக்ரஹாரத்து வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கிற கல்லிடைக்குறிச்சியில் இந்தக் கணக்கைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தீர்வு ஒன்றுதான்: தொடர்பை அறுப்பது. கனத்த ரப்பர் துண்டுகளின் மேல் ஒரு பலகை மேடை போட்டு, அதன் மேல் மைக்கை நிறுத்தினால் இடி பெருமளவு அடங்கும்.

தீட்சிதர் கிருதிகளை ஸ்வரப்படுத்திப் பதிப்பித்த அ. சுந்தரம் ஐயரின் ஊர் இது. இங்கே பாடி, இங்கேயே பதிவு செய்ய ஆசைப்படுவதில் வியப்பில்லை. வீடு என்பது ஒரு குறையும் இல்லை. 1992இல் வந்த 'ரோஜா' பாடல்கள், ஏ.ஆர். ரஹ்மான் சென்னையில் தன் வீட்டை ஒட்டி அமைத்த ஸ்டுடியோவில் பதிவானவைதாம்.

குழப்பம் வேறிடத்தில் இருக்கிறது. வெளிச் சத்தத்தை உள்ளே விடாமல் தடுப்பது ஒரு வேலை. உள்ளே பாடும் குரல் சுவரில் பட்டுத் திரும்பாமல் அடக்குவது இன்னொரு வேலை. இரண்டையும் ஒன்றாக நினைத்துத்தான் பலர் கடையில் ஃபோம் வாங்கி ஒட்டுகிறார்கள்; காசில்லாதவர்கள் முட்டை அட்டை ஒட்டுகிறார்கள். 1895இல் ஹார்வர்டில் வாலஸ் சபைன் என்ற இளம் பேராசிரியர், எதிரொலியால் பேச்சே புரியாத ஒரு விரிவுரைக் கூடத்துக்குள் பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை ராத்திரி ராத்திரியாகச் சுமந்து வந்து பரப்பினார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. அறை ஒலியியலின் அடிப்படைச் சூத்திரம் அதிலிருந்து பிறந்தது. அந்த மெத்தைகள் செய்தது இரண்டாவது வேலையை. தெருவில் போகிற வண்டிச் சத்தத்தை அவை தடுத்திருக்காது.

தடுப்பதற்கு எடை வேண்டும். சுவரின் எடை இரட்டிப்பானால் கோட்பாட்டளவில் 6 டெசிபல் கூடுதலாகத் தடுக்கும். 12 மில்லிமீட்டர் பிளைவுட் சதுர மீட்டருக்கு ஏழெட்டு கிலோ. பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் 400 கிலோவுக்கு மேல். தாத்தா கட்டிய சுவர் சும்மா நிற்க, அதற்குள் பாடுவதற்கென்று ஒரு பிளைவுட் பெட்டி அடிப்பது எனக்கு வேடிக்கையாகத்தான் படுகிறது.

ஓட்டை மட்டும் இருக்கக் கூடாது. இரண்டு சதுர மீட்டர் தேக்குக் கதவின் அடியில் அரை சென்டிமீட்டர் இடுக்கு இருந்தால், கதவு எவ்வளவு கனமானாலும் தடுப்பு 27 டெசிபலைத் தாண்டாது. இடுக்கின் பரப்பு கதவில் ஐந்நூற்றில் ஒரு பங்குதான்; ஆனால் அதன் வழியே வருவது அப்படியே வருகிறது. செங்கோட்டை ரயிலின் ஹாரனுக்கு அது தாராளம். ராத்திரியில் அறைக்குள் விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்தி, வெளியே இருட்டில் நின்று பாருங்கள். வெளிச்சம் கசிகிற இடமெல்லாம் ரப்பர் பட்டை ஒட்ட வேண்டிய இடம்.

சின்னப் பெட்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி நின்று அதிரும் சுருதி, சுவர்களின் இடைவெளியைப் பொறுத்தது. நம் ஊர் வெக்கையில் ஒலி நொடிக்கு 349 மீட்டர் போகும். நாலடி அகலப் பெட்டி 143 ஹெர்ட்ஸில் முழங்கும். ஆண்கள் பாடும் ஒன்றரைக் கட்டை 139, இரண்டு கட்டை 147. மூன்றடியாகக் குறைத்தால் 191. பெண்களின் ஐந்து கட்டையான 196க்குப் பக்கத்தில். ஆதார ஷட்ஜம் வரும்போதெல்லாம் பெட்டியும் சேர்ந்து முழங்கும்; மற்ற ஸ்வரங்கள் மெலியும். இந்த முழக்கத்தை ஃபோம் தொடாது. பஞ்சு போன்ற பொருள், சுவரிலிருந்து அலைநீளத்தில் கால் பங்கு தள்ளி நிற்கும்போதுதான் நன்றாக உறிஞ்சும். 143 ஹெர்ட்ஸுக்கு அது இரண்டடி. நாலடிப் பெட்டியில் இரண்டடிக்கு எங்கே போவது?

பத்தமடைப் பாயை மாட்டினால் பார்க்க அழகாக இருக்கும். அவ்வளவு மெல்லியது கீழ்ச்சுருதியில் ஒன்றும் செய்யாது. இலவம்பஞ்சு மெத்தையை மூலைகளில் நிமிர்த்தி வைப்பது எவ்வளவோ மேல்.

காற்றையும் யோசியுங்கள். ஓர் ஆள் சுமார் 100 வாட் வெப்பம் விடுகிறார். மூன்று கன மீட்டர்ப் பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைத்துப் பாடினால், அரைமணியில் உள்ளே கரியமில வாயு 3,000 பிபிஎம்மைத் தாண்டும். வெளியில் இருப்பதைப்போல ஏழு மடங்கு. தலை கனத்து, சாஹித்யம் மறக்கும். மின்விசிறி போட்டால் அதுவும் பதிவாகும்.

ஆகவே, வீட்டின் நடுவில் தெருவையும் முற்றத்தையும் பார்க்காத காமரா உள் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். கதவை இறுக்கி, மூலைகளை மெத்தையால் நிரப்பி, பாடுகிறவருக்குப் பின்னால் கனத்த ஜமுக்காளத்தைச் சுவரிலிருந்து சாண் அளவு தள்ளித் தொங்கவிடுங்கள். ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவே கதவைத் திறந்து காற்று விடுங்கள். மைக்கை ஓரடியிலிருந்து அரையடிக்குக் கொண்டுவந்தால் குரல் 6 டெசிபல் கூடும். அறைச் சத்தம் இருந்தபடியே இருக்கும். அதற்குக் காசு கிடையாது.