அம்மாவிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

இன்னைக்கு எபிசோடு கர்ப்பப்பையின் உள்சுவரில் வர்ற புற்றுநோய் பத்தி. "நான் பையன், எனக்கு எதுக்கு?"ன்னு ஸ்கிப் பண்ணிடாதீங்க. காரணம் கடைசியில இருக்கு.

என் பெரியம்மாவுக்கு பீரியட்ஸ் நின்னு ஆறு வருஷம் ஆச்சு. போன வருஷம் திரும்பவும் ரத்தம் பட்டுச்சு. "உடம்பு சூடு"ன்னு நினைச்சு நாலு மாசம் யார்கிட்டயும் சொல்லல. அப்புறம் ஸ்கேன், உள்சுவர்ல இருந்து சதை எடுத்து டெஸ்ட். புற்றுநோய். நல்லவேளை, கர்ப்பப்பையைத் தாண்டல. ஆபரேஷனோட முடிஞ்சுது.

மாதவிடாய் நின்ற பிறகு ஒரு சொட்டு ரத்தம் பட்டாலும் டாக்டரைப் பார்க்கணும். "பாப் ஸ்மியர் பண்ணியாச்சே"ன்னு இருக்கக் கூடாது. அது கர்ப்பப்பை வாய்க்கான பரிசோதனை.

இது ஏன் வருது? ஈஸ்ட்ரோஜன் உள்சுவரை வளரச் சொல்லும். புரோஜெஸ்ட்ரோன் "போதும்" என்று நிறுத்தும். நிறுத்த ஆளில்லாமல் வளர்ந்துகொண்டே போனால் ஆபத்து. பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கு முட்டை வெளிவராத மாதங்களில் புரோஜெஸ்ட்ரோன் போதுமான அளவு சுரக்காது. உடல் பருமன் இருந்தால், மாதவிடாய் நின்ற பிறகும் கொழுப்புத் திசுவே ஈஸ்ட்ரோஜன் தயாரிக்கும். அதனால எடையைக் கவனிக்கிறது, உடற்பயிற்சி ரெண்டுமே உதவும். மாசக்கணக்கா பீரியட்ஸ் வரலைன்னா "லேட் ஆகுது"ன்னு விடாதீங்க. கருத்தடை மாத்திரை இந்த ஆபத்தைக் குறைக்கும், நிறுத்தின பிறகும் பல வருஷத்துக்கு. ஆனா அது உங்களுக்கு ஏத்ததான்னு டாக்டர்தான் சொல்லணும்.

இப்போ ஜீன் கதை. 1895-ல் அமெரிக்காவின் மிச்சிகனில், ஆல்ட்ரெட் வார்தின் என்ற மருத்துவரிடம் அவருடைய தையல்காரப் பெண் சொன்னார்: எங்க குடும்பத்துல எல்லாரும் புற்றுநோயில சாகிறாங்க, நானும் அப்படித்தான் போவேன். அப்படியே கர்ப்பப்பைப் புற்றுநோயில் இறந்தார். அந்தக் குடும்ப வரலாற்றை வார்தின் 1913-ல் வெளியிட்டார். பின்னாளில் ஹென்றி லிஞ்ச் அதைத் தொடர்ந்து ஆராய்ந்தார். இன்றைய பெயர், லிஞ்ச் சிண்ட்ரோம்.

நம்ம பாஷையில சொன்னா, செல் டிஎன்ஏவைக் காப்பி எடுக்கும்போது வர்ற பிழைகளைத் திருத்த ஒரு கோட் ரிவ்யூ டீம் இருக்கு. அந்த டீமுக்கான ஜீன்ல ஒண்ணு பழுதா பிறக்கிறதுதான் லிஞ்ச். கர்ப்பப்பை உள்சுவர்ப் புற்றுநோய்களில் 100-க்கு சுமார் 3 இந்த வகை. எண்ணிக்கை சின்னது. ஆனால் பழுதான ஜீன் இருக்கும் பெண்களில் சிலருக்கு வாழ்நாள் ஆபத்து 40 சதவீதத்தையும் தாண்டலாம். பிள்ளைக்குப் போக வாய்ப்பு 50 சதவீதம், ஆணோ பெண்ணோ. ஆண்களுக்குப் பெருங்குடல் புற்றுநோயாக வரலாம். பையன்களே, இதுதான் அந்தக் காரணம்.

போன வாரம் அம்மாவுக்கு போன் பண்ணி, "நம்ம வீட்ல வேற யாருக்கும்மா கேன்சர் வந்துச்சு?"ன்னு கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. "உங்க தாத்தாவுக்குக் குடல்ல கட்டின்னு சொன்னாங்கடா. அப்போ அவருக்கு நாப்பத்தெட்டு வயசு."

பெரியம்மாவோட டாக்டர்கிட்ட சொன்னோம். எடுத்த கட்டியில அந்தத் திருத்தும் புரதங்கள் இருக்கான்னு டெஸ்ட்டுக்கு அனுப்பியிருக்கார். ரிசல்ட் இன்னும் வரல. லிஞ்ச்னு உறுதியானா அடுத்து அம்மாவுக்கு ரத்தப் பரிசோதனை. அவங்களுக்கும் இருந்தா எனக்கு. எனக்கும் இருந்தா குறிப்பிட்ட வயசுல இருந்து கொலோனோஸ்கோபி. பயம்தான், ஆனா தெரிஞ்சா செய்யறதுக்கு ஒரு வழி இருக்கு.

நீங்களும் இன்னைக்கு ராத்திரி ஒரு போன் போடுங்க.