செலவும் பயனும்

ஓர் ஊரில் புதிய பள்ளிக் கட்டடம் ஒன்று எழுப்பப்பட்டது என்று வைத்துக்கொள்க. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் கொடுத்த தொகைக்கு உரிய பற்றுச்சீட்டுகள் உள்ளன. கொத்தனாருக்குக் கூலி கொடுத்ததற்குக் கையொப்பம் உள்ளது. ஒப்பந்தப்புள்ளி முறையாகக் கோரப்பட்டது; ஒதுக்கிய தொகைக்கு மேல் ஒரு காசும் செலவாகவில்லை. ஏட்டைக் கூட்டிப் பார்த்தால் வரவும் செலவும் இம்மியும் பிசகாமல் ஒத்து வருகின்றன. ஆயினும், அக்கட்டடம் ஊருக்கு அப்பால், மழைக்காலத்தில் நீர் சூழும் பள்ளத்தில் எழுந்துவிட்டது. அங்குச் செல்லப் பாதை இல்லை. குடிக்க நீரும் இல்லை. பிள்ளைகளோ பழைய கூரைக் கொட்டகையிலேயே இன்னும் படித்து வருகின்றனர். இங்கே கணக்கில் பிழை யாதும் இல்லை, காரியத்தில்தான் பிழை. கொடுத்த காசு எங்கே போயிற்று என்பது ஒரு வினா. அக்காசு எதற்காகக் கொடுக்கப்பட்டதோ அது நிறைவேறிற்றா என்பது மற்றொரு வினா. இவ்விரண்டாம் வினாவை ஓர் அரசை நோக்கி முறையாக எழுப்பிச் சான்றுகளோடு விடை காணும் பணிக்குச் செயலாக்கத் தணிக்கை என்று பெயர்.

பொதுப் பணத்தைக் கையாண்டோர் கணக்குக் காட்டவேண்டும் என்னும் எண்ணம் தமிழ்நாட்டுக்குப் புதியதன்று. காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் இதற்குச் சான்றாகும். அவ்வூர்ச் சபையார் ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலிய குழுக்களைக் குடவோலை முறையால் அமைத்தனர். முன்பு வாரியத்தில் பணியாற்றிக் கணக்குக் காட்டாது விட்டவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும் குடவோலையில் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர். ஒருவர் செய்த தவற்றுக்கு உறவினரையும் விலக்குதல் இக்காலத்து அறத்திற்கு ஒவ்வாது. அன்றியும், அச்சபை நிலமும் மனையும் வேதக்கல்வியும் உடைய அந்தணர் சபையே அன்றி, ஊரார் அனைவரும் அமர்ந்த சபை அன்று. எனினும், ஏரியைக் காக்கும் பொறுப்பை ஏற்றவன் அதற்குக் கணக்குச் சொல்லவும் கடமைப்பட்டவன் என்பதை ஓர் ஊர் தன் சுவரிலேயே எழுதி வைத்திருந்தது எண்ணத்தக்கது.

இக்காலத்தில் அக்கேள்வியைக் கேட்கும் உரிமை இந்தியக் கணக்காய்வு மற்றும் தணிக்கைத் துறைத் தலைவருக்கு உரியது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1860ஆம் ஆண்டில் முதல் தணிக்கைத் தலைவர் பதவி ஏற்றார். நாடு விடுதலை பெற்றபின், 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டம் இப்பதவிக்குப் புத்துயிர் அளித்தது. அச்சட்டத்தை வகுத்த அவையில் 1949ஆம் ஆண்டு பேசிய அண்ணல் அம்பேத்கர், சட்டம் படைக்கும் அலுவலர் அனைவரினும் இவரே முதன்மையானவராகக் கூடும் என்று கருத்துரைத்தார். நாடாளும் அமைச்சரையும் நீதி வழங்கும் நடுவரையும் விடுத்து, கணக்குப் பார்ப்பவரை ஏன் அவ்வளவு உயர்த்திக் கூறினார் என்று வியப்போர் உண்டு. சட்டமன்றம் எவ்வளவு கவலையோடு பணம் ஒதுக்கினும், அது ஒதுக்கியவாறே செலவாயிற்று என்று சொல்ல அரசுக்கு வெளியே ஒருவர் இல்லையேல், ஒதுக்கீடு என்பது வெறும் சடங்காகிவிடும்.

ஆதலின் அவரை எவரும் அச்சுறுத்த இயலாதவாறு சட்டம் காப்பிட்டுள்ளது. அவருடைய பதவிக் காலம் ஆறாண்டு. அல்லது 65 வயது நிறையும் வரை. இவற்றுள் எது முந்தியதோ அது. உச்ச நீதிமன்ற நடுவரை நீக்குவதற்குரிய கடினமான முறையாலன்றி அவரை நீக்குதல் ஒல்லாது. அவருடைய ஊதியம் ஆண்டுதோறும் வாக்கெடுப்புக்கு விடப்படுவதன்று. பதவி முடிந்தபின் மத்திய அரசிலோ மாநில அரசிலோ அவர் வேறு பதவி ஏற்கவும் கூடாது. இவ்விதியே மிகக் கூர்மையானது. நாளைக்குக் கிடைக்கக்கூடிய பதவியை எண்ணி இன்று எழுதுகோலைத் தாழ்த்துவோர் உலகில் மிகுதி அன்றோ?

மாநிலந்தோறும் அவர் சார்பில் பணியாற்றுவோர் தலைமைக் கணக்காயர் எனப்படுவர். தமிழ்நாட்டிற்குரிய அலுவலகம் சென்னை அண்ணா சாலையில், தேனாம்பேட்டையில் உள்ளது. அங்குப் பணிபுரிவோர் மாநில அரசின் ஊழியர் அல்லர் என்பதை மாணவர் மனத்தில் இருத்தல் வேண்டும். தாம் ஆராயும் துறையின் அமைச்சரிடமிருந்து அவர்கள் ஊதியமோ உயர்வோ எதிர்பார்ப்பதில்லை. அவர்தம் கடமைகளும் அதிகாரங்களும் 1971ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றினால் வரையறுக்கப்பட்டுள்ளன.

செயலாக்கத் தணிக்கை மூன்று கேள்விகளைக் கேட்கும். வாங்கிய பொருள் தக்க விலைக்கு வாங்கப்பட்டதா என்பது சிக்கனம் பற்றியது. இட்ட முதலுக்கும் உழைப்புக்கும் ஏற்ற அளவு வேலை நடந்ததா என்பது திறன் பற்றியது. நடந்த வேலையால் மக்களுக்கு நினைத்த நன்மை விளைந்ததா என்பது பயன் பற்றியது. இவற்றுள் மூன்றாவதே கடினமானது. முதலிரண்டிற்கும் ஏடுகள் பெரும்பாலும் விடை சொல்லிவிடும். மூன்றாவதற்கு ஊருக்கே சென்று பார்க்க வேண்டும்.

பள்ளிக் கழிவறைகளைப் பற்றிய ஆய்வு ஒன்று இதனை நன்கு விளக்கும். மத்திய அரசின் பொதுத்துறை நிறுவனங்கள் நாடெங்கும் அரசுப் பள்ளிகளில் கழிவறைகள் கட்டித் தந்ததாக ஏடுகள் கூறின. அது குறித்த தணிக்கை அறிக்கை 2020ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. தணிக்கையாளர் 15 மாநிலங்களில் 2,695 கழிவறைகளைத் தேர்ந்து, நேரிலே சென்று பார்த்தனர். கட்டி முடிந்ததாக எழுதப்பட்டவற்றுள் சில, இருக்கவேண்டிய இடத்தில் இல்லவே இல்லை. இருந்தவற்றுள்ளும் பத்தில் ஏழுக்கு உள்ளே குழாய்நீர் வசதி இல்லை. நீரில்லாக் கழிவறை ஏட்டில் ஒன்று என எண்ணப்படும். அப்பள்ளியில் பயிலும் சிறுமிக்கோ அது சுழியமே. மாநில அரசுகளின் திட்டங்களை ஆராய்கையிலும் இதே முறைதான் கையாளப்படுகின்றது.

அம்முறை வருமாறு: முதலில், பெருந்தொகை செலவாகும் திட்டம், அல்லது மக்கள் வாழ்வோடு நெருங்கிய திட்டம் ஒன்று தேர்ந்தெடுக்கப்படும். அத்துறையின் செயலாளரைக் கண்டு, எவ்வளவுகோலால் அளக்கப்போகிறோம் என்பதைத் தணிக்கையாளர் முன்னரே தெரிவிப்பர். அளவுகோலும் தணிக்கையாளரின் சொந்தக் கருத்தாக இருத்தல் ஆகாது. அரசே இயற்றிய விதியும், அரசே அறிவித்த இலக்கும், அரசே ஒப்புக்கொண்ட தரமுமே அளவுகோலாகும். அரசின் கொள்கை சரியா தவறா என்று அவர்கள் வாதிடுவதில்லை. அஃது அமைச்சரவைக்கும் சட்டமன்றத்துக்கும் உரியது. எல்லா ஊர்களுக்கும் செல்லுதல் இயலாதாகையால், சோற்றுப் பானையில் சில பருக்கைகளைப் பதம் பார்ப்பதுபோலச் சில மாவட்டங்கள் தேர்ந்தெடுக்கப்படும். நேரில் பார்வையிடும்போது துறை அலுவலரும் உடன் வருவர். கண்டதை இருவரும் சேர்ந்தே பதிவு செய்வர். வரைவு அறிக்கை துறைக்கு அனுப்பப்பட்டு, அதன் விடையும் பெறப்படும். விடை ஏற்கத்தக்கதாயின் குற்றச்சாட்டு நீங்கும்; ஏற்கத்தகாததாயின், ஏன் ஏற்கவில்லை என்ற காரணத்தோடு அவ்விடையும் அறிக்கையில் அச்சேறும். எதிரியின் சொல்லையும் தன் ஏட்டிலேயே இடம்பெறச் செய்யும் இப்பண்பு பாராட்டத்தக்கது.

உத்திரமேரூர்ச் சபையார் ஏரிக்கென ஒரு வாரியம் வைத்திருந்தனர் என்பது முன்னர்க் கூறப்பட்டது. ஏறத்தாழ ஆயிரத்து நூறு ஆண்டுகள் கழித்து, அவ்வூருக்கு வடக்கே உள்ள மற்றோர் ஏரி செயலாக்கத் தணிக்கைக்கு உள்ளாயிற்று. சென்னைக்கு மேற்கே உள்ள செம்பரம்பாக்கம் ஏரியே அது. அதன் முழு ஆழம் 24 அடி, கொள்ளளவு 364.5 கோடி கன அடி. நகருக்குக் குடிநீர் தருவதும், நிரம்பி வழிந்தால் அடையாற்றில் நீரை விடுவதும் அதன் இயல்பு. 2015ஆம் ஆண்டு வடகிழக்குப் பருவமழை கடுமையாகப் பெய்தது. டிசம்பர் முதல் நாளன்று தாம்பரத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 49 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. அவ்விரவில் அடையாறு கரைபுரண்டது. உறங்கச் சென்றவர்கள் கட்டிலைச் சூழ்ந்த நீரால் விழித்தனர். கோட்டூர்புரம், சைதாப்பேட்டை முதலிய இடங்களில் மாடிகளுக்கு ஏறியவர் பிழைத்தனர். ஏற இயலாத முதியோர் பலர் மாண்டனர். வானூர்தி நிலையத்தின் ஓடுபாதையிலும் நீர் நின்றது. அவ்வாண்டு வெள்ளத்தால் தமிழ்நாட்டில் உயிரிழந்தோர் இருநூற்றுக்கும் மேற்பட்டவர்.

பெருமழையே இதற்குக் காரணம் என்றும், ஏரி நீர் விதிப்படியே திறக்கப்பட்டது என்றும் அரசுத் தரப்பில் கூறப்பட்டது. மழை பெருமழைதான், அதனை மறுப்பவர் இல்லை. ஆனால், மழையைத் தணிக்கை செய்ய இயலாவிடினும் மதகைத் தணிக்கை செய்ய இயலும். ஏரியின் நீர்மட்டம் மணிக்கு எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு நீர் வந்தது, எவ்வளவு நீர் விடப்பட்டது என்னும் குறிப்புகள் பொதுப்பணித் துறையின் பதிவேடுகளிலேயே இருந்தன. தணிக்கையாளர் அவற்றை எடுத்து ஒப்புநோக்கினர். ஏரியில் மேலும் நீரைத் தேக்க இடம் இருந்தும், முழுக் கொள்ளளவு நிரம்பும் முன்னரே, விநாடிக்கு 29,000 கன அடி வீதம் நீர் திறக்கப்பட்டது என்று அவர்கள் கண்டனர். அடையாற்றிலோ வேறு பல ஏரிகளின் மிகைநீரும் முன்னமே பெருகி ஓடிக்கொண்டிருந்தது. நீர் பரவும் பகுதியில் இருந்த தனியார் நிலங்கள் மூழ்கிவிடக்கூடாது என்னும் எண்ணமே ஏரியை நிரப்பாமைக்குக் காரணம் என்று அறிக்கை சுட்டியது. நெருக்கடி நேர்ந்தால் யார் யாருக்கு அறிவிப்பது, எப்பொழுது எவ்வளவு நீர் விடுவது என்பதற்குரிய முன்னேற்பாட்டுத் திட்டம் வகுக்கப்படவில்லை என்பதும், நீர்நிலைகளின் ஆக்கிரமிப்புகள் தடுக்கப்படவில்லை என்பதும் அதில் கண்ட வேறு குறைகள். இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்த தணிக்கைத் தலைவர், இவ்வெள்ளம் மனிதரால் விளைந்த பேரிடர் என்று எழுதினார். அரசு ஏட்டில் அத்தகைய சொற்கள் எளிதில் இடம்பெறுவன அல்ல.

எழுதியபின் நடப்பது யாது? மாநிலத்தைப் பற்றிய அறிக்கை ஆளுநரிடம் அளிக்கப்பட வேண்டும்; ஆளுநர் அதனைச் சட்டமன்றத்தின் முன் வைக்கச் செய்வார். இஃது அரசியலமைப்புச் சட்டத்தின் 151ஆம் பிரிவு. ஆனால் எத்தனை நாளுக்குள் வைக்க வேண்டும் என்று அப்பிரிவு கூறவில்லை. இச்சிறு இடைவெளி பெரிய கேடு செய்யவல்லது. சென்னை வெள்ளம் குறித்த அறிக்கை 2017ஆம் ஆண்டுக்குரிய 4ஆம் எண் அறிக்கையாகும். அது சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். வெள்ளம் வந்த நாளுக்கும் அந்நாளுக்கும் இடையே வடகிழக்குப் பருவமழை இருமுறை வந்து போய்விட்டது. சட்டமன்றத்தில் வைக்கப்படும் வரை அறிக்கையை வெளியிடுதல் கூடாதாகையால், அதுவரை அதனைப் பொதுமக்கள் படித்தல் இயலாது. பிற மாநிலங்களிலும் இத்தகைய காலத்தாழ்வு நேர்ந்ததுண்டு.

அவையில் வைக்கப்பட்ட அறிக்கையைப் பொதுக் கணக்குக் குழு ஆராயும். இந்தியாவில் இத்தகைய குழு முதலில் 1921ஆம் ஆண்டில் தோன்றியது. நாடாளுமன்றக் குழுவுக்கு 1967 முதல் எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே தலைவராகும் மரபு உண்டு. மாநிலங்கள் பலவும் அதனைப் பின்பற்றுகின்றன. குழுவின் முன் துறைச் செயலாளர் நேரில் வந்து விளக்கம் அளித்தல் வேண்டும். தணிக்கையாளர் உடன் அமர்ந்து, எப்பக்கத்தில் எது உள்ளது என்று உறுப்பினர்க்கு எடுத்துக் கொடுப்பர். குழு பரிந்துரைகளை அவைக்கு அளிக்கும்; அவற்றின்மேல் எடுத்த நடவடிக்கையைத் துறை தெரிவிக்கும்.

இத்துணை ஏற்பாடு இருந்தும், தணிக்கைத் தலைவர் எவரையும் தண்டிக்க இயலாது. இழந்த பணத்தைப் பிடித்தம் செய்யும் அதிகாரமும் அவருக்கு இல்லை. அலுவலரை இடைநீக்கம் செய்யவும் முடியாது. பல்லில்லாத அமைப்பு என்று சிலர் இதனை எள்ளுவர். அவ்வாறு கூறுவது முற்றும் பொருந்தாது. தண்டிக்கும் கை ஒன்று, ஆராயும் கண் வேறொன்று என்று பிரித்து வைத்திருப்பதால்தான், இவர் எழுதுவது பகைமையால் எழுதியதாகக் கொள்ளப்படுவதில்லை. ஆயினும், கண் காட்டியதைக் கை செய்யாது விடின் கண்ணால் ஆவது சிறிதே என்பதும் உண்மை. அக்கை சட்டமன்றத்துடையது, சட்டமன்றமோ வாக்களித்தவருடையது.

அவையில் வைக்கப்பட்ட அறிக்கைகள் தணிக்கைத் துறையின் இணையத்தளத்தில் எவரும் விலையின்றிப் படிக்குமாறு வெளியிடப்படுகின்றன. ஒவ்வொரு குறையும் அங்கே எண்ணிட்ட ஒரு பத்தியாக இருக்கும். அப்பத்தியைக் குழு ஆராய்ந்து முடிக்கும் வரை, அமைச்சரவை மாறினும் அலுவலர் ஓய்வு பெறினும், அது தீராத பத்தியாகவே கணக்கில் நிற்கும்.